மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டிக்கு எந்த டயர் சென்சார்?

ஆறு சக்கர லோடு வண்டியில் பின்பக்க உள் டயரில் காற்று இறங்கினால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. வெளி டயர் தாங்கிக்கொள்ளும். வண்டி ஒரு பக்கம் இழுக்காது, ஸ்டியரிங் கனக்காது, இறங்கிப் பார்த்தாலும் உள் டயர் மறைவில்தான் இருக்கும். இரண்டு டயருக்கான பாரத்தை ஒற்றை டயர் சுமந்துகொண்டு குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக இறங்கும்போது எவ்வளவு சூடாகிறது என்பது, பெரும்பாலும் அது வெடித்த பிறகுதான் தெரியவரும். காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் இழுத்துப்போகும் கேம்பர் டிரெய்லருக்கும் இதே நிலைமைதான். பின்னால் வருகிற சக்கரத்தின் கஷ்டம் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கைக்கு வந்து சேராது.

என் சித்தப்பா மகன் நீலகிரியில் கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் கோசும் ஏற்றுகிறான். கோவையில் இருக்கும் நண்பர் ஒருவர் ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன கேம்பர் டிரெய்லர் வைத்திருக்கிறார். கோடையில் குடும்பத்தோடு கோத்தகிரிக்கு வருவார். டயர் காற்றை கேபினுக்குள்ளேயே காட்டும் வயர்லெஸ் கருவியில் எதை வாங்கலாம் என்று இரண்டு பேரும் கேட்டார்கள். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் காருக்காக, அதுவும் சமவெளியில் ஓடும் காருக்காகச் செய்தவை. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. டயரில் ட்யூப் இருக்கிறதா, வால்வு ரப்பரா உலோகமா, சென்சாருக்கும் கேபினுக்கும் நடுவில் எவ்வளவு இரும்பு நிற்கிறது, வண்டி ஒரே நாளில் எத்தனை ஆயிரம் அடி ஏறி இறங்குகிறது. இந்த நாலையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நாலாவது விஷயத்தை விற்கிறவர்கள் யாரும் பேசுவதில்லை. நமக்கோ அதுதான் முதல் விஷயம்.

காரோடு கம்பெனியிலிருந்தே வரும் வகை ஒன்று உண்டு. அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சில கார்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும் என்பதை ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் வழியாகக் கண்டுபிடித்து விளக்கு எரிய வைப்பார்கள். எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று காட்டாது. நாலு டயரிலும் ஒரே அளவில் மெல்லக் குறைந்தால் அதற்குப் புரியாமல் போகலாம். டிரெய்லரின் சக்கரம் அதன் கணக்கிலேயே வராது. காருக்கு இது இருந்தால் இருக்கட்டும். லோடு வண்டிக்கும் டிரெய்லருக்கும் இதில் ஒன்றுமில்லை.

ரிம்மோடு சேர்த்து டயருக்குள்ளேயே பொருத்தும் சென்சார், வேலை என்று பார்த்தால் எல்லாவற்றிலும் நல்லது. உள்ளே இருக்கும் காற்றின் சூட்டை நேரடியாக அளக்கும். கல் அடிக்காது, யாரும் திருட முடியாது, மழைத் தண்ணீர் ஏறாது. பேட்டரி ஐந்திலிருந்து பத்து வருடம் வரை தாங்கும். தீர்ந்தால் பல மாடல்களில் சென்சாரையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும். ஆனால் ட்யூப்லெஸ் டயருக்கு மட்டுமே இது பொருந்தும். ட்யூப் போட்ட டயரில் அந்த இடத்தில் ட்யூப் உட்கார்ந்திருக்கும். நம் மலையில் ஓடும் லோடு வண்டிகளில் ட்யூப் டயர் இன்னும் நிறைய உண்டு, சித்தப்பா மகனின் வண்டியும் அப்படித்தான். அவனுக்கு இந்தக் கதவு அங்கேயே மூடிவிட்டது.

ட்யூப்லெஸ் வைத்திருப்பவர்களும் பஞ்சர் கடையை யோசிக்க வேண்டும். டயரைக் கழற்றும் மெஷின் இல்லாத கடையில் லீவரைப் போட்டு நெம்பும்போது, உள்ளே சென்சார் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் அது உடைந்துவிடும். எங்கள் பக்கம் ஒரு கடையில் உறவினர் காருக்கு அப்படி ஆனது. கடைக்காரரைக் குற்றம் சொல்லி என்ன பயன், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாதே. வால்வு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. பஞ்சர் ஆகாமலிருக்க டயருக்குள் ஊற்றும் திரவமும் சென்சாரின் சின்ன ஓட்டையை அடைத்துவிடும். அது உள்ளே இருந்தால் இந்த வகையை மறந்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகும் வகை. இதைப் பொருத்த யாருடைய உதவியும் வேண்டாம், ட்யூப் இருந்தாலும் பிரச்சினையில்லை. ஆனால் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு வாங்க வேண்டும். சாதாரண மூடி வால்வு ஊசியைத் தொடாது. இந்த சென்சார் ஊசியை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும். அப்போதுதான் உள்ளே இருக்கும் காற்று அதற்குத் தெரியும். ஆகவே இதை மாட்டிய பிறகு டயர் காற்றுக்குக் காவல் வால்வு இல்லை, சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான். அது நைந்துபோனால், காற்று இறங்குவதைச் சொல்ல வந்த கருவியே காற்றை இறக்கும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதைக் கட்டாயம் ஆக்கிக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றும்போதெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது வால்வு. கார்களிலும் சின்ன டிரெய்லர்களிலும் வருகிற சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். அதன் தலையில் பத்துப் பதினைந்து கிராம் எடையை வைத்துச் சுற்றினால் அடிப்பாகம் வளைந்து வளைந்து வெடிப்பு விடும். நண்பரின் டிரெய்லரில் இருந்தது ரப்பர் வால்வு. சென்சாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் உலோக வால்வு போடச் சொன்னேன். பெரிய செலவில்லை. லோடு வண்டி ட்யூப்களில் ஏற்கெனவே உலோகத் தண்டுதான், அங்கே இந்தக் கவலை கிடையாது.

இந்தத் திருகும் வகையிலேயே இரண்டு உண்டு. ஒன்றில் காற்று அடிக்க ஒவ்வொரு முறையும் சென்சாரைக் கழற்ற வேண்டும். மற்றொன்றில் சென்சாரின் பக்கத்திலேயே இன்னொரு வால்வு இருக்கும், கழற்றாமல் அடிக்கலாம். இரண்டாவது கொஞ்சம் கனம், விலையும் கூடுதல், காற்று கசிய ஒரு இடமும் கூடுதல். காருக்கு முதல் வகையே போதும். ஆறு சக்கர வண்டியின் உள் டயருக்கு இரண்டாவதுதான் என்பது என் முடிவு. வெளிச்சக்கரத்தின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, திருட்டுப் போகாமலிருக்கப் போட்ட பூட்டு நட்டைச் சாவியால் தளர்த்தி, சென்சாரைக் கழற்றி, காற்று அடித்து, திரும்ப மாட்டி... அதிகாலை நாலு மணிக் குளிரில் விரல் மரத்துப்போன டிரைவர் இதைச் செய்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது. செய்ய முடியாத வேலையைக் கேட்கும் கருவி ஒரு மாதத்தில் டூல் பாக்ஸுக்குப் போய்விடும்.

உள் டயர் வால்வை வெளியே நீட்டப் பலர் எக்ஸ்டென்ஷன் குழாய் போட்டிருப்பார்கள். வளையும் குழாயின் நுனியில் சென்சாரைத் தொங்கவிடாதீர்கள். ஆடி ஆடி குழாயின் இணைப்பில் கசிவு வரும். வளையாத உலோகக் குழாய், அதைச் சக்கரத்தோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப், அதன் பிறகு சென்சார் என்றால் சரி. மாட்டியதும் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றவிட்டு எங்கேயும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மலைக்கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் கீழே சுமார் 14 பிஎஸ்ஐ, மேலே சுமார் 11. கை கேஜ் காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். எனவே சூடு மாறாமல் இருந்தால், டயரில் காற்று கூடாமலே மேலே வந்ததும் கேஜ் 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஆனால் சென்சார்களில் பல, டயருக்குள் இருக்கும் முழு அழுத்தத்தை அளந்து அதிலிருந்து கடல் மட்டக் கணக்கான 14.7-ஐ எப்போதும் ஒரே மாதிரி கழித்துவிடும். வண்டி ஊட்டியில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்தில் மதியம் 35 டிகிரி வெயிலில், டயர் ஆறியிருக்கும்போது 80 பிஎஸ்ஐ அடிக்கிறோம். மறுநாள் காலை ஊட்டியில் 5 டிகிரி. குளிரால் மட்டும் 9 பிஎஸ்ஐ இறங்கும். உயரத்தால் 3 திரும்பக் கிடைக்கும். கை கேஜ் வைத்தால் 74 காட்டும். அதே டயரில் சென்சார் 70 காட்டும். ஓட்டை எதுவும் இல்லை, கருவியும் கெடவில்லை. 80-க்கு 10 சதவீதம் குறைந்தால் அலாரம் என்று செட் செய்திருந்தால் 72-லேயே கத்த ஆரம்பித்திருக்கும். டிசம்பர் மாதத்தில் தினமும் காலையில் கத்தும். நாலு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள், ஐந்தாம் நாள் பிடுங்கிவிடுவார்கள். நைட்ரஜன் அடித்தால் இதெல்லாம் வராது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டுக்கு விரிவதிலும் குளிருக்குச் சுருங்குவதிலும் நைட்ரஜனுக்கும் சாதாரணக் காற்றுக்கும் பேசத்தக்க வித்தியாசம் கிடையாது. காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன்தானே.

இதன் மறுபக்கத்தில்தான் ஆபத்து. ஊட்டிக் குளிரில் சென்சார் குறைவாகக் காட்டுகிறதே என்று அதில் 80 வரும்வரை காற்று அடித்தால், கை கேஜ் கணக்கில் அது ஏறக்குறைய 84. அந்த டயர் மேட்டுப்பாளையம் வெயிலுக்கு வந்ததும், ஓடிய சூட்டைச் சேர்க்காமலே, 90-ஐத் தாண்டும். ஓடிய சூடு அதற்கு மேல் பத்து, இருபது சதவீதம். அதனால் என் விதி: காற்று அடிப்பது நல்ல கை கேஜை வைத்து, வண்டி ராத்திரி தங்குகிற ஊரில், காலையில் எடுப்பதற்கு முன்னால். சென்சார் காவலுக்கு மட்டும். அது காட்டும் எண்ணைவிட, ஒரு டயர் மற்ற டயர்களிலிருந்து விலகிப் போகிறதா என்பதைப் பாருங்கள். மற்ற ஐந்து டயர் எங்கே, இது எங்கே என்று பார்க்கிற மாதிரி எல்லா எண்களையும் ஒரே திரையில் காட்டும் கருவி வேண்டும். ஒவ்வொரு டயராக மாறி மாறிக் காட்டுகிறதை வாங்காதீர்கள்; கொண்டை ஊசி வளைவில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இதிலிருந்து வாங்கும்போது கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் வருகின்றன. அலாரம் அளவை அச்சு வாரியாக நாமே மாற்ற முடியுமா? முன் டயருக்கும் பின் டயருக்கும் டிரெய்லருக்கும் ஒரே அளவு இருக்காது. உச்சமாக எத்தனை பிஎஸ்ஐ வரை அளக்கும்? கார் செட்டுகள் பலவற்றின் உச்சம் லோடு வண்டிக்குப் போதாது. நாங்கள் கீழ் அலாரத்தை 20 சதவீதத்தில் வைத்தோம். சமவெளியில் ஓடுகிறவருக்கு 15 வைக்கலாம். வேகமாகக் காற்று இறங்கினால் சதவீதம் வரும்வரை காத்திராமல் உடனே கத்தும் வசதி தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாக் கருவியும் டிகிரி காட்டும், 70 டிகிரியில் அலாரம் என்று பலவற்றில் கம்பெனி அளவு இருக்கும். வால்வில் திருகும் சென்சார் வெளிக்காற்றில் நிற்கிறது. பிரேக் டிரம் கொதித்து ரிம் சுட்டுக்கொண்டிருந்தாலும் அது காட்டும் சூடு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். பதினாலு கொண்டை ஊசி வளைவு இறங்கி கல்லாறு வந்து சேரும்போது திரையில் 45 என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். செகண்ட் கியரில் இறங்கி பிரேக்கை மிச்சப்படுத்துவதற்குப் பதிலாக எந்தக் கருவியும் வராது. இறங்கி முடித்ததும் அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. சூட்டில் ஏறியது ஆறினால் இறங்கிவிடும். திறந்துவிட்டால் மறுநாள் காலை குறைவான காற்றோடுதான் லோடு ஏற்ற வேண்டியிருக்கும்.

சிக்னல் விஷயத்தில் என் அபிப்பிராயம் உறுதியானது. ப்ளூடூத் சென்சார் வாங்கி போனில் பார்ப்பது காருக்குச் சரி. டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். லோடு வண்டிக்கும் டிரெய்லருக்கும் வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் அந்த ஆப்பைப் பின்னணியில் அணைத்துவிடும். அழைப்பு வந்தால் அலாரம் அடங்கிப்போகும். தவிர, ப்ளூடூத்தின் அலைவரிசை இரும்பையும் தூரத்தையும் தாண்டத் திணறும். தனித் திரையோடு வரும் கருவிகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அது இன்னும் நன்றாக வந்து சேரும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் யாராவது சென்சார் வாங்கி வந்தால் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அங்கே கார்களில் 315 மெகாஹெர்ட்ஸும் புழக்கத்தில் இருக்கிறது.

டிரெய்லருக்கு 433 கூடப் போதாமல் போகலாம். சிக்னலைப் பிடித்துத் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் சேர்ந்து வரும் செட்டாக வாங்க வேண்டும். ஜீப்பின் பின்பக்கமோ டிரெய்லரின் முன்பக்கமோ அதை வைக்கலாம். கரண்டை டெயில் லைட் வயரிலிருந்து எடுத்தால் லைட் போட்டால்தான் வேலை செய்யும்; தனி வயர் இழுத்துவிடுங்கள். நண்பர் கோத்தகிரியில் டிரெய்லரை நிறுத்திவிட்டு ஜீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றப் போவார். அப்போது டிரெய்லர் சென்சார்களை ஒரே பட்டனில் தனியாக அணைத்து வைக்க முடிய வேண்டும். இல்லாவிட்டால் தொட்டபெட்டா போய்த் திரும்பும்வரை ‘சிக்னல் இல்லை’ என்று கத்திக்கொண்டே வரும்.

அப்படிக் கத்துவதே நல்ல கருவியின் அடையாளம் என்பதையும் சொல்ல வேண்டும். மலிவான சில கருவிகள் சென்சார் செத்துப்போனாலும் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் நலம். கருவியே இல்லாத வண்டியைவிட இது மோசம், ஏனென்றால் கருவி இல்லாதவர் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டியாவது பார்ப்பார். வாங்கியதும் ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை வராவிட்டால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். தட்டிப் பார்ப்பதையும் விட வேண்டாம் என்பேன், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டயர் முழுதாகப் படுத்துவிட்டதைச் சத்தம் சொல்லும். இருபது சதவீதம் குறைந்ததைச் சொல்லாது.

பேட்டரி: திருகும் வகையில் நாமே மாற்றக்கூடிய பட்டன் செல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு வருடம் வரும். தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் காலத்தில் பழைய செல் காலையில் சோர்ந்துபோகும், வெயில் ஏறியதும் சரியாகிவிடும். அப்படி நடந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு முறை கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்ட வேண்டும். பித்தளை வால்வும் அலுமினியத் தொப்பியும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் கழற்றினால் வால்வுத் தண்டோடுதான் வரும். சோலாரில் இயங்கும் திரைகள் கண்ணாடியில் ஒட்டி வைக்க அழகாக இருக்கும். மாதக்கணக்கில் மேகமும் மூடுபனியும் இருக்கிற ஊரில் சார்ஜர் வயரும் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

சட்டம் இதில் நமக்காக முடிவெடுக்காது. அமெரிக்காவில் 2007 செப்டம்பருக்குள் எல்லாப் புதிய கார்களுக்கும் டயர் காற்றைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமானது, ஐரோப்பாவில் 2014 நவம்பரில். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து புதிய லாரிகளுக்கும் 3.5 டன்னைத் தாண்டிய டிரெய்லர்களுக்கும் வந்துவிட்டது, சின்ன கேரவன் அங்கேயும் அதில் இல்லை. நம் நாட்டில் 2020 ஜூலையில் வந்த விதித் திருத்தம், 3.5 டன் வரை உள்ள வண்டியில் இந்தக் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வைக்கத் தேவையில்லை என்கிறது. சட்டம் விடலாம், மலைப்பாதை விடாது. பக்கச்சுவர் கிழிந்த டயரைப் பஞ்சர் கிட் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியில் சித்தப்பா மகன் வாங்கியது லோடு வண்டிக்கென்றே வரும், தனித் திரை வைத்த ஆறு சென்சார் செட். உள் டயருக்குக் கழற்றாமல் காற்று அடிக்கும் வகை, முன்னாலும் வெளியிலும் சாதாரணத் திருகு வகை. இரண்டையும் ஒரே திரையில் சேர்க்க முடியும் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்கினான். நண்பருக்கு உலோக வால்வு, ரிப்பீட்டர், திருகு வகை. அவர் டயர் ட்யூப்லெஸ்தான். டயர் மாற்றும் காலம் வரும்போது உள்ளே வைக்கும் வகைக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன், பேட்டரி தீர்ந்தால் டயரையே கழற்ற வேண்டும் என்று அவர் இன்னும் தயங்குகிறார். காருக்குக் கேட்பவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டாம், சில ஆயிரத்துக்குள் வரும் நாலு சென்சார் செட்டும் உலோக வால்வும் போதும்.

ஸ்டெப்னிக்கும் ஒரு சென்சார் போடலாமா என்று இரண்டு பேரும் கேட்டார்கள். லோடு வண்டியில் வேண்டாம் என்றேன்: ஸ்டெப்னி அடியில் தொங்குகிறது, சேறும் கல்லும் அதன்மேல்தான், சென்சார் நிலைக்காது. மாதம் ஒரு முறை கை கேஜ் வைத்துப் பார்த்தால் போதும். டிரெய்லரில் ஸ்டெப்னி பின்கதவில் இருப்பதால் நண்பர் போட்டுக்கொண்டார்.